கனிசியஸ் இல்லாத வகுப்பு

உடுவிலில் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்த அந்தத் தலைமைத்துவப் பயிற்சி நிறுவனத்தில் இரண்டே பேர்தான். கனிசியஸ் பேசுவார்; மற்றதெல்லாம் உதயகலா. சங்கம் சங்கமாக அலைந்து ஆட்களின் குறைகளைக் கேட்டு வருவதும், அதற்கேற்பப் பாடங்களை எழுதுவதும் அவள் வேலை. கனிசியஸ் அவற்றை வாங்கி, கொழும்புத்துறைக் கரையில் வளர்ந்த தன் பெரிய குரலில், சொந்தச் சரக்குப்போல எடுத்துவிடுவார். சபை சொக்கிப்போகும். பொறுப்பை அடுத்தவர் கையில் கொடுப்பது எப்படி என்பதுதான் அவருக்கு மிகவும் பிடித்த பாடம். வருஷக்கணக்காக அதைப் படிப்பித்தவர் ஒருநாளாவது ஒலிவாங்கியை அவளிடம் கொடுத்ததில்லை.

மாரடைப்பு அவரைக் கொண்டுபோனபின், வகுப்புகளுக்கு ஒத்துக்கொண்டிருந்த சங்கக்காரர் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். சாவகச்சேரியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் மட்டும் மிஞ்சியது. அங்கே அவள் தனியாக வகுப்பெடுத்துக் காட்டினால் நிறுவனம் நிற்கும். இல்லாவிட்டால் மேல்மாடியைப் பூட்ட வேண்டியதுதான்.

வகுப்பு நாளன்று சங்க மண்டபத்தில் விளக்கேற்றியதும் பிழையை அவளே செய்தாள். கனிசியஸுக்காக எல்லோரையும் சற்று எழுந்து நிற்கச் சொன்னாள். மௌனம் முடிந்ததும் சங்கத் தலைவர் முத்துக்குமாரு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். அஞ்சலியுரை தலைவரோடு நிற்குமா? செயலாளரும் பேச வேண்டும். பொருளாளரை விட்டால் மனத்தாங்கல் வரும். முன்னாள் தலைவர் ஆழ்வாப்பிள்ளையை விட்டால் பகையே வரும்.

“கனிசியஸ் சேர் எங்களுக்கு என்ன சொல்லித் தந்தவர்? தலைவன் எண்டவன் குறைவாக் கதைக்கோணும்,” என்று ஆழ்வாப்பிள்ளை நெடுநேரம் விளக்கிவிட்டு, கனிசியஸின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கினார்.

பயிற்சிக்கு வந்திருந்த குணலட்சுமி பக்கத்துக் கதிரையிலிருந்து உதயகலாவிடம் குனிந்தாள். “அக்கா, உந்த மனிசன் இப்பதான் சேரின்ரை ஞானஸ்நானத்துக்கு வந்து நிக்கிறார். செத்தவீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானமாகும்.”

உதயகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முத்துக்குமாருவிடம் போனாள். “ஐயா, வகுப்பைத் தொடங்குவமே?”

“பொறுங்கோ பிள்ளை. செத்தவருக்கு மரியாதை செய்யாமல் என்ன வகுப்பு?”

கனிசியஸை அவளைவிடத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. அவளைப் பேசத்தான் யாரும் கூப்பிடவில்லை.

சோற்றுப் பார்சல்கள் வந்தன. சாப்பாடு முடிந்ததும் முத்துக்குமாரு அவள் கொண்டுவந்திருந்த சான்றிதழ்க் கட்டைத் தூக்கினார்.

“இதைக் குடுத்து முடிப்பம் பிள்ளை. பஸ்ஸுக்குப் போற சனம் இருக்கு.”

“பயிற்சி நடக்கேல்லை ஐயா. நடக்காததுக்கு எப்பிடிக் குடுக்கிறது?”

“காலமை முழுக்க நடந்தது என்ன? எவ்வளவு அருமையான கருத்துகள். சரி, முறையாத்தான் செய்யோணுமெண்டால் அடுத்த முறை நல்ல சேர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“வேறை சேர் இல்லை ஐயா. நான்தான் இருக்கிறன்.”

“அப்ப பிறகு பாப்பம்,” என்றார் அவர். அவள் சான்றிதழ்க் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ் கைதடியைத் தாண்டுமுன்பே முத்துக்குமாருவின் மேலிருந்த கோபம் ஆறிவிட்டது. கனிசியஸின் மேலிருந்தது ஆறவில்லை. ஒரு தரம், ஒரேயொரு தரம், அவளையும் பேச விட்டிருந்தால் இந்தச் சனத்துக்கு அவள் குரல் பழகியிருக்கும். செத்துப்போன மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? கடைக்காரருக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, மேல்மாடிக்கு வேறை ஆக்களைப் பாருங்கோ,” என்றாள். “ஓம், நாளைக்கு வந்து சாமானுகளை எடுக்கிறன்.”