ஸ்டீபன் அண்ணே போட்ட பாலத்துக் கவர்

ஸ்டீபன் அண்ணே போய்விட்டார்.

முந்தாநாள் கரவனெல்ல ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மனைவி போன் பண்ணிச் சொன்னார். நான் உடனே நம்பவில்லை. எந்த வார்டு என்று கேட்டு, தெரிந்தவர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் நம்பினேன். நான் அப்படித்தான்... என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தெஹியோவிட்டவில் ஒரே கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தோம். எனக்கு போட்டோகொப்பி மெஷின், அவருக்கு கொம்பியூட்டர். கல்யாணக் கார்டு, சடங்குக் கார்டு, மரண அறிவித்தல்... எல்லாம் அவர் டிசைன்தான்.

வேலை ஓய்ந்த நேரத்தில் பழைய டிவி கேம் கெசட்டுகளுக்குக் கவர் அடிப்பார். பெட்டி தொலைந்துபோன கெசட்டுகளைக் கொழும்பில் யாரோ ஒருவர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். இவர் பழைய வீடியோ கெசட் பெட்டியின் உள்பக்கத்தை பிளேடால் சீவி, கேம் கெசட்டை அதில் உட்கார வைத்து, வெளியே புதுக் கவர் போடுவார்.

அந்தக் கொழும்பு ஆளை நாங்கள் யாரும் கண்டதில்லை. யாரும் விளையாடாத கேமுக்கு எவன் புதுச் சட்டை தைத்துப் போடுவான்? எனக்கு அன்றே சந்தேகம்.

“அண்ணே, அந்தாளு நெசமாவே கேம்தான் சேக்குறாரா? இல்ல வேற ஏதாவதா?”

“ஒனக்கு எல்லாத்துலயும் டவுட்டு மாலா. டீ ஆறுது, குடி.”

ஒரிஜினல் கவர் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் கேமை முடிவு வரை விளையாடிவிட்டுத்தான் டிசைனில் கை வைப்பார். பின்பக்கத்தில் எப்படிப் போக வேண்டும், எதிரி எங்கே நிற்கிறான் என்று மேப் போடுவார். முன்பக்கத்துக்குப் படம் கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் போட்டோ. போர்டருக்குச் சடங்குக் கார்டில் போடும் குத்துவிளக்கும் தாமரையும். கார் ரேஸ் கேமுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு... சிரிக்காதீர்கள், அப்படித்தான் போட்டார்.

ஒருமுறை டேங்க் கேம் ஒன்று வந்தது. அதன் கடைசிக் கட்டம் ஒரு பாலம். அண்ணே எங்கள் ஊர் இரும்புப் பாலத்தை போட்டோ எடுத்து முன்னால் போட்டார். பின்னால் பாலத்துக்குப் போகும் வழிக்குச் சிவப்பு அம்புக்குறி, காவல் நிற்கும் இடங்களுக்கு பெருக்கல் அடையாளம்.

நான் தங்கச்சியைப் பார்க்கக் கொழும்பு போகிறேன் என்றதும், “அப்புடியே இதையும் அந்தாளுகிட்ட குடுத்திரு” என்று என் பையில் வைத்தார்.

நான் சும்மா விடுவேனா? திறந்து பார்த்தேன். குத்துவிளக்குதான் கண்ணில் பட்டது. பாலம் படவில்லை. தினமும் அதில்தானே நடக்கிறோம்.

யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி என் பையைக் கொட்டினார்கள். பாலத்தின் போட்டோ, சிவப்பு அம்பு, பெருக்கல் அடையாளம்... கூடவே ஒரு தமிழ்ப் பெண். பஸ் போய்விட்டது. நான் பொலிஸ் ஸ்டேஷன் பெஞ்சில்.

எனக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. அன்றைக்கு ஒரு சொல் வாயில் வரவில்லை. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனி வீட்டைப் பார்ப்பேனா என்று பயம்... பயத்துக்கு மேல் ஆத்திரம். மனுஷன் வேண்டுமென்றே என் பையில் வைத்தாரா?

மத்தியானத்துக்கு முன்பே ஸ்டீபன் அண்ணே வாசலில் வந்து நின்றார். ஷொப்பிங் பேக்கில் டிவி கேம் பெட்டி, ஜொய்ஸ்டிக், வயர்.

“சேர், மேக்க கேம் எகக்.” இது ஒரு கேம், அவ்வளவுதான் என்கிறார்.

ஸ்டேஷன் டிவியில் வயரை மாட்டி, என் பையிலிருந்து எடுத்த கெசட்டைச் செருகினார். பொலிஸ்காரர்கள் சுற்றி நிற்க, முதல் கட்டத்திலேயே டேங்கைப் பறிகொடுத்தார். திரும்பவும். திரும்பவும். பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் கொன்ஸ்டபிள் பொறுக்க முடியாமல் ஜொய்ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டார். அண்ணே மேப்பைக் காட்டி வழி சொன்னார். அம்புக்குறி போன பக்கமெல்லாம் டேங்க் போனது. கடைசியில் பாலம் வந்தது.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான பெரிய மஹத்தயா டிவியையும் கவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி நிஜப் பாலம் போடாதே என்று அதட்டி, கவரை உருவி வைத்துக்கொண்டு, கெசட்டை வெறும் பெட்டியோடு என்னிடம் தந்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஒங்களுக்கு யாரு சொன்னது?”

“அத மட்டும் கேக்காத மாலா. வா, பஸ்ஸு வருது.”

அதைத்தான் கேட்பேன். என் போன் பொலிஸில். ஊரில் யாருக்கும் தெரியாது. இவர் மட்டும் கேம் பெட்டியோடு வந்து நிற்கிறார்... மாட்டிவிட்டதும் இவர்தான், மீட்டதும் இவர்தான் என்று முடிவுகட்டினேன்.

அதோடு அவர் வாங்கித் தரும் டீயைக் குடிப்பதை விட்டேன். அவர் மட்டும் தினமும் என் மேசையில் டீயை வைத்துவிட்டுப் போவார். அது அப்படியே ஆறிப்போகும்.

இன்று அடக்கத்துக்குப் போனேன். குழிப் பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டு நின்றார். அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் வந்த கொண்டக்டர் சுனில். அண்ணேயின் கேம் பார்சல்களைக் கொழும்புக்கும் ஊருக்குமாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

“மிஸ், அன்னைக்கு நான்தான் கடைக்கு கோல் பண்ணி ஸ்டீபனுக்கு சொன்னது. கேம் பெட்டி கொண்டு போங்க சொன்னது. என் பேர் யாருக்கும் சொல்ல வேணாம் சொன்னேன், எனக்கும் பிரச்சின வரும்தானே. இப்ப யுத்தம் முடிஞ்சிதானே, அதான் சொல்றது.”

அவரையும் நான் லேசில் விடவில்லை. எங்கே நின்று பேசினீர்கள், யார் போன் என்று அங்கேயே குறுக்குக் கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

“மிஸ் நம்ப மாட்டாங்கன்னு ஸ்டீபனும் சொல்லும்” என்றார்.

கொழும்பு ஆள் இன்றைக்கும் வரவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனோம். அண்ணேயின் மனைவி டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“ஒங்களுக்கு சீனி கம்மியா போடணும்னு அவரு சொல்லுவாரு.”

அழுதுவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

போயிட்டு வாங்க அண்ணே... டீய குடிச்சிட்டேன்.