மகள் மொழிபெயர்த்த ஒரு வரி

இந்த நாட்டில் பிள்ளைக்கு வெயில் கிரீம் பூசுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. கடந்த கோடை விடுமுறையில் என் மகள் ஆரணி அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தானே பூசுமா, வேறொருவர் பூசலாமா, பூசினால் எங்கெங்கே தொடலாம் என்று வரிசையாகக் கேள்விகள். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆரணிக்குப் பதினான்கு வயது. மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் நடந்த சம்மர் காம்பில் தொண்டராகச் சேர்ந்திருந்தாள். 'கவுன்சிலர் இன் ட்ரெயினிங்' என்று முதுகில் எழுதிய செம்மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். "கவுன்சிலில வேலையோ?" என்று கேட்டார் என் கணவர். அவள் சிரிக்கவில்லை. "இல்லை அப்பா, லிட்டில் கிட்ஸைப் பாக்கிறது" என்றாள்.

அந்த வயதில் நானும் சின்னப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஊரில் போருக்குள் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த காலம். வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பங்கள். தாய்மார் தண்ணீருக்கும் அரிசிக்கும் வரிசையில் நிற்க, நாங்கள் சின்னதுகளை மரத்தடியில் இருத்தி வைத்திருப்போம். யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் மூக்கைத் துடைத்தோம், தலையில் குட்டினோம், மடியில் நித்திரையாக்கினோம். யாரும் யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை. மரத்தடிக்குப் பக்கத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். "பங்கருக்கு வெளிய போனியோ, தோலை உரிச்சுப்போடுவன்" என்று என் அம்மா கத்தாத நாளில்லை. ஷெல் விழுந்த அன்று என்னை நிலத்தோடு அழுத்தி எனக்கு மேலே படுத்துக்கொண்டதும் அதே அம்மாதான். என் தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

காம்பின் இரண்டாவது வாரம் கவின் வந்தான். ஆறு வயது. ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து நாலு மாதம்தான். தாய் சுகந்தியோடு அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தான். அவர்களின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாததால், மனேஜர் ஹெலன் அவனை ஆரணியின் பொறுப்பில் விட்டார். ஆரணிக்குத் தெரிந்த தமிழ் எவ்வளவு என்று ஹெலனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்கிறேன், இவர் பஸ் ஓட்டுகிறார். வா, சாப்பிடு, கதவைப் பூட்டு, வெங்காயம் உரி என்று வீட்டு வேலைக்கு வேண்டிய தமிழைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தோம். ஆனாலும் அந்த நாட்களில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "அவன் என்னை அக்கா எண்டு கூப்பிடுறான், அம்மா."

ஒரு வியாழக்கிழமை கவினின் புதுச் சேட்டில், சட்டை முழுக்க, நீலப் பெயின்ட் கொட்டுப்பட்டுவிட்டது. அவன் அழத் தொடங்கினான். "அம்மா தோலை உரிப்பா" என்றான். முழங்கையில் எங்கேயோ விழுந்து கன்றிய கண்டல் ஒன்றும் இருந்தது. பிள்ளை பயந்து எதையாவது சொன்னால் மறைக்கக் கூடாது, சொன்னதை அப்படியே எழுதித் தர வேண்டும் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஆரணிக்குத் தோல் என்றால் தெரியும். உரிப்பதும் தெரியும். அப்படியே ஆங்கிலத்தில் எழுதி ஹெலனிடம் கொடுத்தாள்.

பின்னேரம் என்னிடம் சொன்னபோது முதலில் நான் சிரித்துவிட்டேன். "ஐயோ பிள்ளை, அது சும்மா கோவத்தில சொல்லுறதெல்லே!"

"பட் ஹி வாஸ் க்ரையிங், அம்மா. நான் எழுதிக் குடுத்திட்டன்."

அடுத்த நாள் காலை ஹெலனிடம் போனேன். அது பேச்சு வழக்கு, எங்கள் தாய்மார் எல்லாரும் சொல்வது என்று என் ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நீங்களும் ஆரணியிடம் அப்படிச் சொல்வீர்களா என்றார். உண்மையில் ஆரணிக்கு அப்படிச் சொன்னதில்லை; ஆனாலும் அவருக்கு விளங்கட்டும் என்று, "யெஸ், யெஸ், மெனி டைம்ஸ்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. அவர் முகத்தில் கனிவு அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அது என் மகளுக்கான கனிவாக இருந்தது. இன்னும் பேசினால் பிள்ளைகள் நல அதிகாரிகள் எங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்களோ என்று பயந்தேன். சுகந்திக்காகப் போனவள், என் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த நடையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒரு கிழமை கழித்து, கீழே கடையில் விசாரித்துச் சுகந்தியின் அறைக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். முப்பது வயதுகூட இராது.

"உங்கட மகளோ எழுதினது?"

"ஓம் தங்கச்சி. அவளுக்கு விளங்கேல்லை…"

"ரெண்டு பேர் வந்தவை. பிள்ளையின்ர சேட்டைக் கழட்டி முதுகு பாத்தவை அக்கா. போனில ஒருத்தர் மொழிபெயர்த்தவர். சும்மா சொல்லுறதெண்டு சொன்னன். அப்ப சொன்னனீங்கள்தானே எண்டு கேட்டினம்." அவள் கதவின் விளிம்பைப் பிடித்திருந்தாள். "இவனைத் தூக்கிக்கொண்டு நாலு நாடு தாண்டி வந்தனான். இஞ்ச வைச்சுப் பறிச்சுப்போடுவினமோ? உங்களுக்குத் தெரியுமே?"

எனக்குத் தெரியாது என்றேன். மன்னிப்புக் கேட்டேன்.

"உங்கட பிள்ளையில பிழையில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வந்த அதிகாரிகள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கவின் காம்புக்குத் திரும்பவில்லை. கடைசி நாளில் ஆரணிக்குச் சான்றிதழ் கொடுத்து, நீ சரியானதைச் செய்தாய் என்று ஹெலன் தனியாகப் பாராட்டினார். ஆரணி வீட்டுக்கு வந்து அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். தான் செய்தது சரியா, பிழையா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். சரி என்றால் சுகந்திக்குத் துரோகம். பிழை என்றால், நாளைக்கு உண்மையிலேயே அடிவாங்கும் ஒரு பிள்ளை அழும்போது இவள் பேசாமல் நின்றுவிடுவாள். நான் சாப்பிட வா என்றேன்.

"நான் இனித் தமிழ் கதைக்கமாட்டன், அம்மா" என்றாள். அவள் என்னோடு பேசிய கடைசித் தமிழ் வாக்கியம் அதுதான். எனக்கும் கோபம் வந்தால் இப்போது வாய்விட்டு ஏசப் பயமாக இருக்கிறது.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கிரீன் ஸ்ட்ரீட்டில் மரக்கறி வாங்கிக்கொண்டு நானும் ஆரணியும் பஸ்சுக்கு நின்றோம். சனத்துக்குள்ளிருந்து "அக்கா!" என்று ஒரு சத்தம். கவின் ஓடி வந்தான். ஆரணியின் கை தானாக உயர்ந்தது. பின்னாலேயே வந்த சுகந்தி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பாடமாக்கியதைப் போல மெல்லச் சொன்னாள்: "நோ. கம். கம் ஹியர், டார்லிங்."

கவின் விளங்காமல் தாயின் வாயைப் பார்த்தான். ஆரணி கையை இறக்கிக்கொண்டாள். நான் அவர்களைத் தமிழில் கூப்பிட்டிருந்தால் மகள் விலகி நின்றிருப்பாள், ஆங்கிலத்தில் கூப்பிட்டிருந்தால் சுகந்தி இன்னும் பயந்திருப்பாள். இரண்டு மொழியையும் வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.