எட்டுக் கழுத்துகள்

அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எண்கள்தான் முதலில் வருகின்றன. கழுத்து பதினைந்தரை அங்குலம். இசை அரங்கில் இருக்கை காட்டும் வேலை, முப்பத்து மூன்று வருடம். கழற்றி மாட்டும் காலர்கள், அறுபத்திரண்டு.

அந்தக் காலத்துச் சட்டைகளுக்குக் காலர் தனி. சட்டையின் கழுத்தில் ஒரு பட்டி மட்டும் இருக்கும். காலரைத் தனியாகத் துவைத்து, கஞ்சி போட்டு, அட்டை மாதிரி விறைப்பாக்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு பித்தளைக் குமிழ்களால் மாட்ட வேண்டும். டையை முதலிலேயே மடிப்புக்குள் செருகிவிட வேண்டும். மாட்டிவிட்டு நுழைக்கப் பார்த்தால் டை கசங்கும், வாயில் கெட்ட வார்த்தை வரும். காலர் பட்டியைவிட அரை அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு இதெல்லாம் அத்துப்படி.

பழைய சாமான் கடைகளில் காலர் கண்ணில் பட்டால் அப்பா அளவு பார்க்காமல் வாங்குவார். ஒருமுறை பதினெட்டு அங்குலத்தில் ஒன்று கொண்டுவந்தார். மாட்டுக்கா வாங்கினீர்கள் என்று அம்மா கேட்டாள். "உங்க அப்பாவுக்குக் கழுத்துதான் மூத்த பிள்ளை. நீ ரெண்டாவது" என்று என்னிடம் சொல்வாள். சொல்லிவிட்டு அந்தக் காலர்களுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பாள்.

நான் எழுத நினைத்தது ஒரு வாரத்தைப் பற்றி. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அட்டைப் பெட்டிகளை அழுத்தி, வளைத்து, எப்போது உடைகிறது என்று பார்க்கும் சோதனைக்கூடத்தில் வேலை. அரங்கு இரண்டு வருடப் பராமரிப்புக்குப் பிறகு சனிக்கிழமை திறக்கவிருந்தது. புதிய மேலாளர் இருக்கை காட்டும் எட்டுப் பேருக்கும் நீல நிற டி-ஷர்ட் வாங்கி வைத்திருந்தார். முதுகில் அரங்கின் சின்னம்.

அப்பா திங்கட்கிழமை அவரைப் போய்ப் பார்த்தார். நுழைவுக்கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய புகைப்படத்தைக் காட்டினார். அரங்கு கட்டிய வருடத்தில் எடுத்தது. கறுப்புக் கோட்டும் விறைப்பான வெள்ளைக் காலருமாக எட்டுப் பேர். அதேபோல் நாங்கள் வந்து நிற்கிறோம் என்றார். மேலாளர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒருவருக்குக் குறைந்தாலும் டி-ஷர்ட்தான்.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "டி-ஷர்ட்னு ஆயிடுச்சுன்னா நான் நின்னுக்குறேன். இருபத்திரண்டு வருஷம் போதும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அம்மா கண்டுகொண்டிருக்க மாட்டாள். அவர் அமைதியாகச் சொன்னார். அம்மா தையல் மிஷினின் உறையை எடுத்தாள்.

செவ்வாயன்று அப்பா டேப்புடன் ஏழு கழுத்துகளை அளந்து வந்தார். உடன் வேலை செய்பவர்களில் ஒருவருக்குக் குட்டி என்று பேர். ஆறடி இரண்டு அங்குலம், கதவில் குனிந்து நுழைபவர். அவர் கழுத்து பதினேழரை. வீட்டில் அப்பா அளவுகள் எழுதிய காகிதத்தைப் பார்த்தபடி நின்றார், பிறகு ஓடினார். ஐம்பத்தொரு வயது மனிதர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டியதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பதினெட்டு அங்குலக் காலர் பையோடு கிடைத்தது. அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா தன் வாழ்நாளில் முதல் முறையாக, வாங்கியது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

வெள்ளி வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அம்மா எட்டுச் சட்டைகளிலும் தைத்திருந்த காலரைப் பிரித்து, பட்டியை மட்டும் விட்டு, முன்னும் பின்னும் குமிழுக்குத் துளை போட்டாள். பதினாறு குமிழ்கள் அப்பாவின் டப்பாவில் இருந்தன. கறுப்புக் கோட்டு எட்டுப் பேரிடமும் முன்பே இருந்தது. கஞ்சியில் கொஞ்சம் வெண்காரமும் மெழுகும் கரைத்தோம். வீடு முழுக்கச் சலவைக்கடை வாசனை. நான் சனிக்கிழமை விடுப்பு எடுத்தேன்.

தவறு என்னுடையது.

அப்பா ஒரு காலரை முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். ஈரமாக இருக்கும்போதே பாரமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, பளபளப்பு வந்ததும் மடிப்புக் கோட்டை ஈரத்துணியால் தொட்டு மடித்து, சூடு ஆறுமுன் காப்பிப் பொடி டப்பாவைச் சுற்றி வளைப்பார். நான் கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு இருபத்தைந்து நிமிடம், அதில் எட்டு நிமிடம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பதில் போகிறது. எட்டையும் முதலில் தேய்த்துவிடலாம், பிறகு எட்டையும் வளைக்கலாம், ஒரு மணி நேரம் மிச்சம் என்றேன். அப்பா யோசித்தார். படித்த பெண் சொல்கிறாள் என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு எட்டுக் காலர்கள் மேசையில் நேராகக் கிடந்தன. கண்ணாடி மாதிரி மின்னின. அப்பா குட்டியின் காலரை எடுத்து மடித்து வளைத்தார். பட்டென்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம். தினமும் வேலையில் கேட்பது.

இடது பக்க மடிப்பில் துணியோடு வெடித்திருந்தது. ஆறிய கஞ்சி வளையாது. அட்டையை வைத்துச் சம்பளம் வாங்குபவளுக்கு இது தோன்றவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் அப்புறம் பாப்பா. தண்ணி வை" என்றார்.

ஏழையும் வெந்நீரில் ஊறப்போட்டுப் பழைய கஞ்சியைக் கழுவினோம். எட்டாவதுதான் பிரச்சினை. பதினெட்டில் வேறு இல்லை. அப்பா வெடித்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பகுதி, குமிழ்த் துளையோடு, முழுதாக இருந்தது. பதினாறு அங்குலக் காலர் ஒன்றை எடுத்து நடுவில் கத்தரித்தார். அவர் காலரை வெட்டுவதை நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா இரண்டு பாதிகளுக்கும் நடுவில் அந்தப் பின்பகுதியை வைத்து மிஷினில் ஓட்டினாள். முன்னாலிருந்து பார்த்தால் குறையே தெரியவில்லை. பின்னால் இரண்டு தையல்.

"குட்டி யாருக்கும் முதுகு காட்டாம இருந்தா போதும்" என்றாள்.

இருக்கை காட்டுபவரின் வேலையே ஆட்களுக்கு முன்னால் நடப்பது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

இந்த முறை ஒவ்வொன்றாக. அவர் தேய்க்க, நான் மடிப்பை நனைக்க, அம்மா டப்பாவைப் பிடிக்க. இருபத்தைந்து நிமிடம் பதினெட்டானது. மூன்றரைக்கு எட்டாவது காலர் டப்பாவிலிருந்து வட்டமாக வெளியே வந்தது. விரலால் தட்டினார். டொக்கென்றது. நான் கைதட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு நுழைவுக்கூடத்தில் எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். நான் டிக்கெட் வாங்கியிருந்தேன். தூண் ஓரமாக நின்றேன். குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார். மேலாளர் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். புகைப்படத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். குட்டியிடம் வந்ததும், சுவருக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறது, கோட்டில் ஒட்டும், தள்ளி நில்லுங்கள் என்றார். குட்டி நகரவில்லை. மேலாளர் வலது பக்கம் போனார். குட்டி வலது பக்கம் திரும்பினார். இடது பக்கம் போனார். குட்டி இடது பக்கம். இரண்டு சுற்று இப்படி நடந்தது. மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்பாவே முன்னால் வந்தார். "திரும்பிக்கோப்பா குட்டி. சார் பார்க்கட்டும்."

குட்டி திரும்பினார். மேலாளர் தையல்மேல் விரலை வைத்தார். யார் செய்தது என்று கேட்டார். அப்பா எதையும் மறைக்கவில்லை: பதினெட்டு உடைந்தது, பதினாறை வெட்டி அதன் நடுவில் உடைந்ததன் துண்டைக் கொடுத்தோம், வேறு வழி இல்லை, ஒரே மாதிரி இல்லைதான். இன்று காலையில் உடைந்ததா என்று மேலாளர் கேட்டார். பதினொரு மணிக்கு என்றார் அப்பா.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் காலரை நகத்தால் தட்டிப் பார்த்தார். அதே டொக். பிறகு தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கொஞ்சம் கூச்சமாக இருந்தது அவருக்கு.

"எனக்கு என்ன அளவு வரும்?"

டேப் அப்பாவின் கோட்டுப் பையிலேயே இருந்தது.

"மூச்சை விடுங்க சார். பிடிச்சு வெச்சீங்கன்னா அளவு தப்பும்" என்றார் அப்பா. சுற்றிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். "பதினாறே கால். பதினாறே முக்கால்ல காலர் வேணும். வீட்ல ரெண்டு இருக்கு."

டி-ஷர்ட்டுகள் பெட்டியோடு திரும்பிப் போயின. அப்பா அந்த வாசலில் இன்னும் பதினொரு வருடம் நின்றார்.