தமிழ் தட்டுவதற்காக நிறுத்திய காவல்

எங்கள் வீட்டுக் கணினியில் தமிழ் எழுத வேண்டுமென்றால் முதலில் அதன் வைரஸ் காவலை நிறுத்த வேண்டும். இதை நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் வினாத்தாள் கொடுக்கிற அச்சகம் இன்னும் பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறது. அதில் தட்டுவதற்கு ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அதை யார் செய்தது, எப்போது செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது. பென்ட்ரைவ் பென்ட்ரைவாகக் கைமாறி எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. நாம் விசையைத் தட்டத் தட்ட இடையில் புகுந்து ஆங்கில எழுத்தைத் தமிழாக மாற்றிக் கொடுப்பது அதன் தொழில். ஆனால் ஒருவர் தட்டுவதை இடையில் நின்று பார்க்கிற எதையும் வைரஸ் காவல் உளவாளி என்றே எடுத்துக்கொள்ளும். உடனே மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பும். கொஞ்சம் அசந்தால் தமிழை அழித்துவிட்டு, உங்கள் கணினியைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையும் பேசும்.

இந்தச் சிவப்புப் பெட்டியைச் சமாளிக்க எனக்குக் காட்டித் தந்தவர் என் கணவர். கேடயப் படத்தை அழுத்து, நீல ஆளியை, அந்தச் சுவிச்சை, தள்ளி நிறுத்து, நிச்சயமா என்று கேட்டால் ஓம் என்று சொல்லு. அவ்வளவுதான். கணினியை மறுபடி போடும்போது காவல் தானே திரும்பி வந்துவிடும். "உது எங்கடை ஆள். விடச் சொல்லும்" என்பார். நான் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறவள். தவணைக்குத் தவணை வினாத்தாள் தட்டுவது என் தலையில்தான் விழும். ஆகவே பல வருடங்களாக அந்த ஆளியைத் தள்ளித் தள்ளி, அது எனக்கு மின்விசிறியைப் போடுவது போல ஆகிவிட்டது.

மற்ற எல்லா விஷயத்திலும் இவர் மகா கவனக்காரர். நல்லூரில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுத்தவர். தன் குறிப்புகளின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே பெரிதாகத் தன் பெயரை அச்சடித்துத்தான் கொடுப்பார், மற்ற ரியூசன்காரர் பிரதி எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அச்சகத்துக்குப் போய் வந்த பென்ட்ரைவைச் செருப்பு என்றுதான் சொல்லுவார். வாசலோடு நிற்பாட்ட வேண்டுமாம். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வகுப்பு எடுத்தபோது, ஒரு பிள்ளையும் பதிவுசெய்யக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி வைத்தார். பதிவு அவருடைய கணினியில் மட்டும்தான் இருக்கும். வகுப்புத் தவறவிட்டவர்கள் பிறகு வீட்டுக்கு வந்து அவருக்கு முன்னால் இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அப்படி இரண்டு வருட வகுப்புகள் எங்கள் கணினியில் சேர்ந்து கிடந்தன. இவ்வளவு கட்டிக் காத்து எதைக் கண்டோம் என்று அப்போதெல்லாம் நான் முணுமுணுத்ததுண்டு.

பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வந்து சேட்டுக்குப் பொத்தான் போடும்போது இவர் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. கால் ஓரளவு திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. நாக்குக்கு ஒன்றுமில்லை, தொண்டைக்கும் ஒன்றுமில்லை, விளங்கிக்கொள்வதும் முழுசாக இருக்கிறது. சொல்லை எடுத்துக் கொடுக்கிற இடம்தான் மூளையில் அடிபட்டுப் போயிற்று என்று வைத்தியர் சொன்னார். வாழ்க்கை முழுக்கக் கதைத்தே உழைத்த மனுசன். வாயைத் திறந்து, காற்றை மட்டும் விட்டு, மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் பழகவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்பிள்ளை ஒரு வழி சொன்னாள். இப்படியானவர்களுக்குத் தனியே சொல் வராது, இன்னொரு குரலோடு சேர்ந்து சொன்னால் சில வேளை வரும். நாக்கில் ஊறிப்போன சொற்களாக இருந்தால் இன்னும் நல்லது. தேவாரம் பாடிப் பாருங்கோ என்றாள். நானும் பாடிப் பார்த்தேன். கோயிலுக்குப் போனால் வெளியில் நின்று அரசியல் கதைக்கிற ஆளுக்குத் தேவாரம் எங்கே ஊறியிருக்கப் போகிறது? இவர் நாக்கில் ஊறியது இரசாயனவியல்தான். அது எனக்கு உறைக்க ஒரு மாதம் எடுத்தது.

அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நாலு மணிக்கு வகுப்புப் போடுவேன். முன்பு நல்லூரில் வகுப்புத் தொடங்குகிற நேரமும் அதுதான். கணினிக்கு எதிரே கதிரையில் இருப்பார். திரையில் கறுப்புத் தலைமயிரோடு இருக்கிற அவரே, "சரி பிள்ளையள், கேக்குதோ?" என்று தொடங்குவார். கதிரையில் இருக்கிறவரின் உதடு அசையும். முதல் இரண்டு மாதம் உதடு மட்டும். மூன்றாம் மாதம் ஒரு நாள், திரைக்குள் இருந்தவர் மூல் கணக்கு ஒன்றை முடித்துவிட்டு "சரியோ?" என்று கேட்க, ஒரு கணம் பிந்தி, கரகரத்த குரலில், கதிரையிலிருந்தும் "சரியோ" என்று வந்தது. நான் கையிலிருந்த சுளகை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அவருக்கே நம்ப முடியவில்லை. பிறகு "கேக்குதோ" வந்தது. "எழுதுங்கோ" வந்தது. ஆறாம் மாதம், வகுப்பும் இல்லாமல் ஒன்றுமில்லாமல், காலைத் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு "சீனி" என்றார். நான் சீனி போட மறந்திருந்தேன். கல்யாணம் செய்த நாளிலிருந்து என் தேத்தண்ணியில் குறை பிடித்த ஆள், அன்றைக்குப் பிடித்த குறைக்குத்தான் நான் குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே அந்தக் கணினிதான். பிரதி ஒன்றும் இருந்தது. விழுவதற்கு முன்பே இவர் எல்லாவற்றையும் வெளியில் செருகுகிற ஒரு ஹார்ட் டிஸ்க் தட்டில் இன்னொரு தரம் பதிந்து, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அதிலிருந்து போட்டால் வேகமாக ஓடுகிறது என்று நான்தான் அதை எடுத்துக் கணினியில் செருகினேன். செருகினதைக் கழற்றவேயில்லை. தினமும் நாலு மணிக்குத் தேவைப்படுகிற பொருளை யார் கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்?

இரண்டாம் தவணைப் பரீட்சை வந்தது. எட்டாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளை வழக்கம்போலக் காவலை நிறுத்திவிட்டுத் தட்டி, பென்ட்ரைவில் போட்டு, சுன்னாகத்தில் அச்சகத்தில் கொடுத்தேன். பக்கம் கட்டிவிட்டோம், பிழை பார்த்துத் தாருங்கோ, பின்னேரம் அச்சடிக்க வேணும் என்று அதே பென்ட்ரைவைத் திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து செருகினேன். வாசலோடு நிற்பாட்டுகிற சட்டம் இவர் விழுந்த நாளோடு எங்கள் வீட்டில் செத்துப்போயிருந்தது. என் வினாத்தாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கோப்புறை இருந்தது. திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. மூலையில் சிவப்புப் பெட்டி எழும்பியது.

அதில் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. எத்தனை வருடமாகப் பார்க்கிற பெட்டி. தமிழைக் கண்டால் துள்ளுகிறதுதானே இதன் குணம். பின்னால் கதிரையிலிருந்து இவர் இடது கையால் கதிரைக் கையை அடித்தார். திரும்பிப் பார்த்தேன். இன்னும் பலமாக அடித்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"பொறுங்கோ, இன்னும் நாலு மணி ஆகேல்லை" என்றேன்.

கேடயத்தை அழுத்தி, நீல ஆளியைத் தள்ளி, ஓம் என்று சொல்லிவிட்டு, அந்த மஞ்சள் கோப்புறையை மறுபடி அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஏசினேன். அவர்கள் வினாத்தாளை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார்கள். அதைப் பார்த்துப் பிழை திருத்திக் கொண்டிருந்த நேரம் முழுக்கக் கணினி முனகிக்கொண்டு வேலை செய்தது. வெக்கைக்கு முனகுகிறது என்று நினைத்தேன். இவர் அடிப்பதை நிறுத்தியிருந்தார். நாலு மணிக்கு வகுப்பைப் போடப் போனபோது எல்லாக் கோப்புகளின் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத எழுத்துகள் வால் போல நீண்டிருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. வெளித்தட்டிலும் அப்படியே. ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் நல்ல மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கிடந்தது. கவலைப்பட வேண்டாம் என்று அது தொடங்கியது. உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறப்பு வேண்டுமென்றால் காசு அனுப்புங்கள் என்று முடிந்தது.

இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணினி பழுதாகிவிட்டது, நாளைக்குத் திருத்திவிடலாம் என்று ஒரு பச்சைப் பொய் சொன்னேன். அந்தக் கணினியை எனக்குப் பழக்கியவரிடமே சொன்னேன்.

கணினி திருத்துகிற கடை நல்லூரில். கோயில் திருவிழாக் காலம், வீதியெல்லாம் மறித்திருந்தார்கள். ஓட்டோக்காரர் தடுப்போடு இறக்கிவிட்டார். கணினிப் பெட்டியை ஒரு பழைய துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கச்சான் கடைகளையும் தூக்குக் காவடியையும் தாண்டி நடந்தேன். எதிரே வந்த என் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருத்தி, நேர்த்திக்கடனோ என்று கேட்டாள். ஓம் என்றேன். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, கை வலித்தது.

கடைக்காரர் ஐம்பது வயது மட்டிலான ஆள், வேலை தெரிந்தவர். கணினியைப் போட்டு அந்த எழுத்து வாலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பென்ட்ரைவில் வந்தது கோப்புறையே இல்லை, கோப்புறை வேஷத்தில் வந்த வைரஸ் என்றார். இந்த வகைக்கு இன்னும் திறப்பு ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை என்றார். காசு கட்டினாலும் திறப்பு வரும் என்று நிச்சயமில்லை; கட்டியும் ஏமாந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். பிரதி இருக்கோ என்று கேட்டார். செருகியிருந்தது என்றேன். திரை மூலையில் இருந்த கேடயப் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"காவலை நீங்களே நிப்பாட்டியிருக்கிறியள் ரீச்சர்."

"நிப்பாட்டாட்டித் தமிழ் எழுத ஏலாது."

அவருடைய கடைக் கணினியிலும் அதே மென்பொருள்தான், அதே ஆளிதான். என்னைக் குற்றம் சொல்ல அவரால் முடியவில்லை, எனக்கு அது ஆறுதலாகவும் இல்லை.

இவருடைய பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். உங்கள் சேரின் வகுப்பு ஒன்றாவது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ, திருட்டுத்தனமாகப் பதிந்திருந்தாலும் ஒருத்தரும் ஏசமாட்டோம் என்று. கனடாவிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் கும்பிடுகிற கைப் படங்களாக வந்து விழுந்தன. குறிப்புகளைப் படம் எடுத்து அனுப்பினார்கள், நூற்றுக்கணக்கில், குறுக்கே இவருடைய பெயரோடு. குரல் ஒருவரிடமும் இல்லை. "சேர் வேண்டாம் எண்டவர், அதால செய்யேல்லை" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். சொன்ன சொல் கேட்ட பிள்ளைகள் மேல் ஒரு ரீச்சருக்கு ஆத்திரம் வரலாமோ? எனக்கு வந்தது. இருந்திருந்து இவருடைய பிள்ளைகள்தானா இவ்வளவு நேர்மையாக இருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கணினியை முழுதாகத் துடைத்து, புதிதாக எல்லாம் போட்டு, நல்ல பலமான வைரஸ் காவலும் போட்டுத் தந்தார் கடைக்காரர். அது ஒரு நாளைக்கு இரண்டு தரம் தானே சோதித்து, எந்த ஆபத்தும் இல்லை என்று அறிவிக்கிறது. இப்போது எங்கள் கணினி யாழ்ப்பாணத்திலேயே மிகவும் பத்திரமான கணினியாக இருக்கும். காப்பாற்றுவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை. வினாத்தாளை நான் இப்போது கையால் எழுதிக் கொடுக்கிறேன், அச்சகம் என்னவும் செய்துகொள்ளட்டும்.

குரல் இல்லாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே என்று நினைத்தேன். பிள்ளைகள் அனுப்பிய குறிப்புகளை அச்சடித்து, நாலு மணிக்கு இவருக்கு முன்னால் இருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். எனக்கு மூலும் தெரியாது, சேதன இரசாயனமும் தெரியாது. எங்கே நிறுத்துவது, எங்கே அழுத்துவது என்று தெரியாமல், செய்யுள் வாசிக்கிற மாதிரி வாசித்தேன். இவருடைய உதடு அசையவில்லை. இவரைப் போலவே இழுத்து "சரியோ?" என்று கேட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பேச்சுப் பயிற்சிப் பிள்ளையிடம் கேட்டபோது, விடாமல் செய்யுங்கோ அம்மா என்றாள். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கார்த்திகை மழை தொடங்க "எழுதுங்கோ" போய்விட்டது. பிறகு "கேக்குதோ". மார்கழியில் ஒரு காலை வேண்டுமென்றே தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கொடுத்துவிட்டு எதிரே இருந்தேன். முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

தை மாதம் ஒரு பின்னேரம். ஒரு பக்கம் வாசித்து முடித்து, "விளங்கிச்சோ?" என்று கேட்டேன். இவர் என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகத் தலையாட்டினார். விளங்கிற்று என்று.

இருபது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நிற்கிறவள் நான். அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியும். ஒன்றும் விளங்காத பிள்ளை, ரீச்சர் பாவம், இதோடு விடட்டும் என்று ஆட்டுகிற தலை அது. தாளை மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. இவரும் கேட்கவில்லை.