பிறர் பிள்ளைகளை எண்ணுகிறவள்

சன்னா யாஃப்தா மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். குளத்தின் இந்தக் கரையில் நாலு. வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போடும் இடத்தில் மூன்று. வேலிக் கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்திருக்கும் சிவப்புத் தொப்பி ஒன்று. எட்டு. ஒன்பதாவது எங்கே?

"ஏம்மா, அந்தச் சிவப்புத் தொப்பி உங்க புள்ளயா? இந்தப் பக்கம் கூப்பிடுங்க, அங்க ஆழம்" என்று பக்கத்து விரிப்பில் சாய்ந்திருந்த பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்காமலே நன்றி சொல்லி, காலித் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

கணவன் ஃப்ரிக்கிக்குச் சிரிப்பு. "உன்ன இங்க வேல செய்யிறவள்னு நெனச்சுட்டா."

"நெனைக்கட்டும். இருபது வருஷம் இங்கதானே வேல செஞ்சேன்."

சன்னாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. திங்கள் முதல் சனி வரை நகரத்துப் பழ ஆலையில் ஓடும் பட்டையின் முன் நின்று, அடிபட்ட பீச் பழங்களைப் பொறுக்கி எறிவது அவள் வேலை. "தேட வேண்டியதில்ல. கெட்டதுமேல கண்ணு தானா போய் நிக்கும்" என்பாள். அந்தக் கண்தான் தண்ணீரோரம் நிற்கும் எந்தப் பிள்ளையையும் விடுவதில்லை.

இந்தத் திராட்சைத் தோட்டத்தார் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் உணவுக்கூடையை அவள் ஒருபோதும் மதித்ததில்லை. ஆலிவ் காய்களை "உப்புத் தண்ணில ஊறுன ஆட்டுப் புழுக்கை" என்று ஒதுக்குவாள். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று வாசலில் பலகை இருக்கிறது. அதனால் வீட்டில் பொரித்த கறி உருண்டைகள் அவளுடைய கம்பளிச் சட்டைக்குள் சுருட்டப்பட்டு உள்ளே வரும். கூடையிலிருக்கும் ஒயின் புட்டியைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை ஓக் மரத்தின் வேரில் கவிழ்ப்பாள். அவள் அப்பாவுக்கு இந்தத் தோட்டத்தில் கூலியில் ஒரு பங்கு ஒயினாகத்தான் வந்தது, நாளுக்கு ஐந்து குவளை. "எங்கப்பா என் பங்கையும் சேத்துக் குடிச்சிட்டாரு. எனக்கு வேண்டாம்."

ஒவ்வொரு பிப்ரவரியிலும் அவள் இங்கே வருவது குளிர்ந்த கோழிக்கறிக்காக அல்ல. மேலே பைன் மரங்களுக்கு அடியில் தோட்டத்துக் கூலிகளின் இடுகாடு இருக்கிறது. அவளுடைய மூத்த மகள் ரோசெல் அங்கே கிடக்கிறாள். தோட்டம் கைமாறி, குடிசைகளைக் காலி செய்த பிறகு, கல்லறைக்குப் போக அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார்கள். மூன்று வருடம் எழுதினாள். இரண்டு முறை பதிலே இல்லை. இளைய மகள் டெலீன்தான் ஒருநாள் தொலைபேசியில் உல்லாச உணவுக்கு மூன்று பேருக்குப் பதிவு செய்தாள். தங்களை வரவேற்க ஆவலாகக் காத்திருக்கிறோம் என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அன்றிலிருந்து விருந்தாளிகளாக வந்து, சாப்பிட்டு, உலாவப் போகிறவர்களைப்போல மேலே ஏறிவிடுகிறார்கள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அறுவடைக் காலம். பெண்களெல்லாம் கொடி வரிசைகளில். ஆறு வயதுப் பிள்ளையைக் காணோம் என்று சன்னா ஓடி வந்தபோது, மணி அடிக்குமுன் வரிசையை விட்டு யாரும் நகரக் கூடாது என்றான் கங்காணி. "பசிச்சா தானா வருவா." மூன்று மணி நேரம் கழித்துக் குளத்தில் கண்டெடுத்தார்கள். அப்போது குளத்துக்கு வேலி கிடையாது. நகரத்துப் பிள்ளைகள் விளையாட வரத் தொடங்கிய பிறகுதான் இடுப்புயர வேலியும், மிதவை வளையமும், காவலுக்கு ஓர் ஆளும் வைத்தார்கள். "வேலிக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சிருக்கு" என்பாள் சன்னா.

இந்த முறை மேலே போகும் பாதையில் தடித்த வெள்ளைக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றருகே மேற்பார்வையாளன் வில்லெம் நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும்.

"மேல கல்யாணம் நடக்குது ஆன்ட்டி. விருந்தாளிங்க புல்வெளியோட நின்னுக்கணும்."

"எம் மக அங்க இருக்கா தம்பி."

அவனுக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினான். "அதுக்கு பழைய குடிங்க லெட்டர் குடுக்கணும். ரெண்டு வாரம் முன்னாடியே."

"நான் இன்னைக்கு விருந்தாளி."

"விருந்தாளிக்கு மேல என்ன வேல ஆன்ட்டி?"

திரும்பி வந்து விரிப்பில் உட்கார்ந்தாள். "விடும்மா, அடுத்த வாரம் லெட்டர் போடலாம்" என்றாள் டெலீன். இன்றுதான் ரோசெல் போன நாள். அடுத்த வாரம் வேறு ஏதோ ஒரு நாள்.

அப்போது புல்வெளியில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல்: ஜாஸ்பர் என்ற நான்கு வயதுச் சிறுவனைக் காணவில்லை, நீலச் சட்டை. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் தட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். வாசல் கதவை மூடினார்கள். காவலாள் செருப்போடு குளத்தில் இறங்கினான். மூன்று நிமிடத்தில் ஜாஸ்பர் குதிரைக் கொட்டிலில் அகப்பட்டான். புல்வெளி முழுவதும் கைதட்டியது.

சன்னா தட்டவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தகவல் மேசைக்கு நடந்தாள்.

"எம் பொண்ணக் காணோம்."

மேசைப் பெண் பேனாவை எடுத்தாள். "பேரு?"

"ரோசெல் யாஃப்தா."

"வயசு?"

"ஆறு."

"என்ன டிரஸ் ஆன்ட்டி?"

"மஞ்சக் கவுன். கால்ல ஒண்ணுமில்ல."

"எங்க கடைசியா பாத்தீங்க?"

"கொளத்தோரம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி."

பாட்டு மறுபடி நின்றது. ரோசெல் யாஃப்தா என்ற பெயர் புல்வெளிக்கும், கொடி வரிசைகளுக்கும், மலைச்சரிவுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஃப்ரிக்கி எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். டெலீன் ஓடி வந்து, "ம்மா, என்னம்மா பண்ற?" என்று அவள் கையைப் பிடித்தாள். சன்னா கையை விடுவித்துக்கொண்டாள். சமையல்காரர்கள் கொடிகளுக்குள் புகுந்து தேடினார்கள். மூன்று ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நடந்தார்கள். கோப்பை வைத்திருந்த பெண், முன்பின் தெரியாத அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள்.

வில்லெம் மூச்சிரைக்க வந்தான். வியர்வை வழிய, யாரிடம் பேசுகிறோம் என்றுகூட நின்று பார்க்கவில்லை. "எந்தப் பக்கம் போயிருப்பா? சீக்கிரம் சொல்லுங்க!"

சன்னா கையை உயர்த்தி, கயிற்றுக்கு அப்பால் பைன் மரங்களைக் காட்டினாள்.