முப்பத்துநாலு பாகை

உப்புவெளி வீட்டு மேசையில் பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை. அதன்மேல் தையல் நூலொன்றை இழுத்துப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள். ஒரு நுனி கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில், மறுநுனி பஹ்ரெய்னில். இப்போது பேத்தி கைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்ட, கண்மூடித் திறப்பதற்குள் தூரம் வந்துவிடுகிறது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

எழுபதுகளின் கடைசி அது. அத்தான் பஹ்ரெய்னுக்குக் கப்பல் திருத்தும் வேலைக்குப் போய் மூன்று வருடம். அவருடைய தாயை, நாங்கள் மாமி என்பவரை, அக்காதான் வைத்துப் பார்த்தாள். மாமி படுக்கையில் விழுந்து, கஞ்சித் தண்ணீரும் இறங்காமல் போனதும் அக்கா இரண்டு தரம் தந்தி அடித்தாள். இரண்டு தந்திக்கும் ஒரே பதில்: தூரம் அதிகம், உடனே வர ஏலாது. அயலும் அதையே பாடியது. "பாவம், பெடியன் எவ்வளவு தூரத்தில கிடக்கிறான்."

நான் பூமிசாத்திரம் படிப்பித்தவள். "உண்மையா எவ்வளவு தூரமெண்டு நீ பார்த்துச் சொல்லு" என்றாள் அக்கா. பூமி உருண்டை, தாள் தட்டை. சுவர்ப் படத்தில் அடிமட்டம் வைத்தால் கணக்குப் பிழைக்கும். அதனால்தான் உருண்டையும் நூலும். அளந்த நூலை நிலநடுக்கோட்டின்மேல் கிடத்திப் பாகைகளை எண்ணினேன். முப்பத்துநாலு. பாகைக்கு அறுபது கடல்மைல் என்பது எங்கள் துறைமுகத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு வந்த கணக்கு. பெருக்கினால் இரண்டாயிரத்துச் சொச்சம். விடை வந்த சந்தோஷப் புளுகத்தில், முன்னால் நின்றவளின் முகத்தைப் பாராமல், "பிளேனில அஞ்சு மணித்தியாலம் அக்கா" என்றேன். மடச்சி நான்.

"இங்கயிருந்து கொழும்புக்கு ரயில்?"

"அது ஒன்பது, பத்து எடுக்கும்."

அக்கா மாமியின் அறைக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். "மகன் வெளிக்கிட்டிட்டானோ?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி, வெளிக்கிட்டிட்டார். சரியான தூரமெல்லே, பிளேனிலயும் மூண்டு நாள் செல்லும்."

மாமி தலையாட்டினார். மூன்று நாளும் வாசற்பக்கம் முகத்தைத் திருப்பியபடியே கிடந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் போய்விட்டார். அந்த மூன்று நாளும் நான் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தேன் என்று எனக்கே தெரியாது.

எட்டு மாதம் கழித்து, லீவு முறையாகக் கிடைத்த பிறகு, அத்தான் வந்தார். தாயின் படத்துக்கு முன்னால் நின்று குழறி அழுதார். "என்ன செய்யிறது தம்பி, தூரமெல்லே" என்று சனம் தேற்றியது. அந்த அஞ்சு மணித்தியாலம் எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சனம் போன பிறகுதான் அவரிடம் சொன்னாள்: "கடைசிவரை உங்களத்தான் கேட்டவ. நீங்கள் வந்துகொண்டிருக்கிறியள் எண்டு நான்தான் பொய் சொன்னனான்."

அத்தான் கண்ணைத் துடைத்தார். அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது அப்பட்டமாகத் தெரிந்தது.

"நல்லது செய்தனீர்" என்றார்.