ஐந்தாம் நரம்பில் அளந்த கேக்

கொட்டாஞ்சேனையில் நேசத்தின் மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. மார்கழியில் யார் வீட்டு கேற்றைத் தாண்டினாலும், "பிள்ளை, கிராம்பு கூடிப்போச்சு" என்று குசினிக்குக் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் நகருவாள். பலருக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் கிறிஸ்மஸ் கேக் என்றால் ஓடர் அவளுக்குத்தான்.

அவளுக்கும் கொரோனா வந்து போனது. காய்ச்சல் விட்டது, மணம் மட்டும் திரும்பவில்லை. அடுப்பில் மீன் கருகுவதை அடுத்த வீட்டு டில்ஷானி ஓடி வந்து சொன்ன அன்று நேசம் நடுங்கிப்போனாள். ஊருக்குத் தெரிந்தால் நாற்பது வருடப் பெயர் போச்சு. மகள் ரொஷேலை மட்டும் கூட்டிக்கொண்டு, வெள்ளவத்தையில் ஒரு நரம்பு டொக்டரிடம் ஒளித்துப் போனாள்.

டொக்டர் தனஞ்சயன் கண்ணை உருட்டச் சொன்னார், பல்லைக் கடிக்கச் சொன்னார், நாக்கை நீட்டி, தோளைக் குலுக்கச் சொன்னார். எல்லாம் சரி. கடைசியில் கண்ணை மூடவைத்து மூக்கடியில் கோப்பித்தூளைப் பிடித்தார்.

"உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம்" என்றாள் நேசம், துணிந்து.

"அன்ரி, மூளையில இருந்து நேரா பன்னிரண்டு சோடி நரம்பு வருது. பதினொண்டு உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. மணம் பிடிக்கிற முதலாவதுதான் படுத்திட்டுது. மெல்ல எழும்பும்."

"அதுவரைக்கும் கேக்குக்கு என்ன செய்யிறது?"

"இனிப்பை நாக்கு சொல்லும், அது ஏழாவதும் ஒன்பதாவதும். பிராந்தி மூக்கில எரியிறதும் தெரியும், அது ஐஞ்சாவது."

அந்த வருடம் நேசம் ஐந்தாவதை நம்பினாள். மூக்கு எரிந்து கண் கலங்கும்வரை பிராந்தியை ஊற்றினாள். மாதா கோயில் சுவாமியார் கிறிஸ்மஸ் பூசை முடிந்த கையோடு இன்னொரு துண்டு கேட்டனுப்பினார். குடியே தொடாத கொன்ஸ்ரன்ரைன் மாஸ்ரர் நான்கு துண்டு தின்றுவிட்டு றோட்டில் நின்று பாடினார்.

அடுத்த கார்த்திகையில் ஒரு காலை, மணம் திரும்பியது. நேசம் ஏலக்காய்ப் போத்தலை முகர்ந்துவிட்டு அழுதேவிட்டாள். பழைய அளவிலேயே ரவை, கஜு, பன்னீர், பிராந்தி எல்லாம் போட்டு ஒரு கேக் சுட்டாள். அப்படி ஒரு மணம், அவளே சொக்கிப்போனாள். முதல் துண்டை மகளுக்குக் கொடுத்தாள்.

ரொஷேல் மென்றாள். பிறகு தாயின் தோளைப் பாவமாகத் தடவினாள்.

"பரவாயில்லை அம்மா. அந்த நரம்பு இன்னும் சரிவரேல்லைப் போல."

மேசையில் ஓடர்க் கொப்பி கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'போன வருசம் மாதிரி' என்றே எழுதியிருந்தது. நேசம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையால் பிராந்திப் போத்தலைச் சரித்தாள்.